கையால் செய்வோம், கேட்டுச் செய்வோம்

டிசம்பர் இரண்டாம் வாரம் பிறந்ததும் எங்கள் மருத்துவமனையின் நோயாளர் அறைகளில் ஒரு மாற்றம் தெரியத் தொடங்கும். பார்வையாளர் நேரத்தில் வருவோரின் கைகளில் வழக்கமான ஆரஞ்சுப் பைகளுக்குப் பதிலாகக் கேக் பெட்டிகளும், அச்சு முறுக்கு நிறைந்த சம்படங்களும் இருக்கும். படுக்கையருகே உள்ள சிறு அலமாரியில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அவற்றுள் பெரும்பகுதியைத் தாம் உண்ண முடியாது என்பதைப் படுக்கையில் இருப்பவர் அறிவார்; உடனிருந்து கவனிப்பவரும் அறிவார். கொண்டுவந்தவரின் மனம் நோகக் கூடாதென்று இருவரும் அதைச் சொல்வதில்லை. சில வேளைகளில் அந்தத் தயக்கத்தினாலேயே ஒரு துண்டை எடுத்து உண்டும் விடுகிறார்கள். கிறிஸ்துமசுக்கு மறுநாள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடையே இத்தகையவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

இதற்காகக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் என்றாலே பலகாரத் தட்டுத்தான். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கலகலாவும் அடுக்கப்பட்ட அந்தத் தட்டு, மத வேறுபாடின்றித் தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் போகும். அப்படியொரு தட்டு தம் வீட்டுக்கு மட்டும் வராமற்போவது நோயாளிக்கு இன்னொரு வருத்தம். எனவே எங்கள் கருத்து வேறு. கடையில் விற்கும் பரிசு பலருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. வீட்டில் நம் கையால் செய்வதையோ ஒரே ஒருவருடைய உடலுக்கும் நிலைக்கும் ஏற்ப அளந்து செய்ய முடியும். நோயுற்றவருக்கு வேண்டியது அந்த அளவுதான். அதை எவ்வாறு அறிவது, எதைச் செய்து கொடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் தொகுத்திருக்கிறோம்.

செய்யத் தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

முதலாவது, அவருக்கு எந்த உணவு விலக்கப்பட்டிருக்கிறது? நோயாளியிடமே கேட்டால் அவர் கூச்சப்பட்டு, "எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லிவிடக்கூடும். உடனிருந்து கவனிப்பவரைக் கேட்பது நல்லது. இரண்டாவது, அவருடைய கைக்கும் கண்ணுக்கும் வாய்க்கும் இன்று எது இயலும்? வாய்ப்புண் உள்ளவருக்கு முறுக்கு பரிசாகாது. பார்வை மங்கியவருக்குச் சிற்றெழுத்துப் புத்தகம் பரிசாகாது. மூன்றாவது, அவருடைய நாளில் மிகக் கடினமான நேரம் எது? இரவில் உறங்காமை, டயாலிசிஸ் நாற்காலியில் கழியும் நான்கு மணி நேரம், கழிவறைக்குச் செல்லத் துணை தேடும் விடியற்காலை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். அந்த நேரத்தை இலகுவாக்கும் எதுவும் நல்ல பரிசே.

உண்ணும் பொருள் எதுவாயினும் அதனுடன் ஒரு சீட்டை இணைத்துவிடுங்கள். என்னென்ன சேர்த்துச் செய்தது, எந்தத் தேதியில் செய்தது, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும். நிலக்கடலை, முந்திரி, முட்டை, பால் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களை அந்தச் சீட்டு காப்பாற்றும்.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றில் செய்தால் தீங்கில்லை என்று பலரும் நம்புகிறார்கள். இவை அனைத்தும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடியவையே. "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதப்பட்ட கேக்கிலும் மைதா இருக்கிறது. மைதாவும் உடலில் சர்க்கரையாகவே மாறுகிறது. ஆகவே இனிப்புக்கு மாற்று இனிப்பைத் தேடுவதைக் காட்டிலும், காரமாகவும் மணமாகவும் ஒன்றைச் செய்து தருவது எளிது.

200 கிராம் தோலுடன் கூடிய நிலக்கடலையை எண்ணெய் விடாமல் மெல்லிய தீயில் வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள், சிறிது மஞ்சள் ஆகியவற்றைத் தாளித்துக் கடலையுடன் கலந்து ஆறவிடுங்கள். உப்பு தேவையில்லை. ஆறியபின் அதை ஏறத்தாழ 25 கிராம் கொண்ட எட்டுப் பொட்டலங்களாகக் கட்டி, "நாளொன்றுக்கு ஒன்று" என்று எழுதுங்கள். பொட்டலமாகக் கட்டுவதுதான் இதில் முக்கியம். சம்படத்திலிருந்து கைநிறைய அள்ளும்போது எவருக்கும் கணக்கு நிற்பதில்லை.

உண்ணாத பரிசுகளில், இன்சுலின் போடுபவருக்கு ஒரு துணிப்பை தைத்துத் தரலாம். சட்டைப் பையில் அடங்கும் அளவு போதும். அதில் 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு, அவருடைய பெயர், உட்கொள்ளும் மருந்துகள், அவசரத்தில் அழைக்க வேண்டிய உறவினரின் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று ஆகியவற்றை வையுங்கள். சர்க்கரை அளவு தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும்போது ஒரு பொட்டலத்தை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த பொட்டலம். இந்தக் குறிப்பையும் அட்டையின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கும், மின்வெட்டு மிகுந்த ஊருக்கும் ஒரு மட்பானைப் பெட்டியைச் செய்து தரலாம். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியை ஆற்று மணலால் நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைத்துவர வேண்டும். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் குப்பியை நெகிழிப் பையிலிட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்தால், நீர் ஆவியாகும்போது உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்திருக்கும். பானையின் வெளிப்புறத்தில் வண்ணம் பூச வேண்டாம். பூசினால் மண்ணின் துளைகள் அடைபட்டுக் குளிர்ச்சி குறைந்துவிடும். அலங்காரத்துக்கு அடியில் ஒரு கோலம் போதும்.

பாத உணர்ச்சி குறைந்தவருக்குக் காலுறை வாங்கித் தருவதானால், இறுக்கமான எலாஸ்டிக் இல்லாத வெள்ளைப் பருத்திக் காலுறையாகத் தேர்ந்து, ஓரத்தில் அவர் பெயரை நூலால் பின்னிக் கொடுங்கள். வெள்ளைத் துணியில் புண்ணின் கசிவு உடனே கண்ணில் படும். காலடியை நாள்தோறும் பார்க்க உதவும் நீண்ட கைப்பிடிக் கண்ணாடியையும் உடன் வைக்கலாம்.

சிறுநீரக நோய் உள்ளவருக்கு

மேற்சொன்ன நிலக்கடலைப் பொட்டலத்தை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு நல்லதென்று நாம் எண்ணும் பல பொருள்கள் சிறுநீரக நோயாளிக்குத் தீங்காகின்றன. காரணம் பொட்டாசியம். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் பொட்டாசியம் தங்கிவிடுகிறது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் உள்ள உலர்திராட்சை, பேரீச்சை, முந்திரி அனைத்தும் பொட்டாசியம் மிகுந்தவை. கருப்பட்டி, சாக்லேட், வாழைப்பழம், இளநீர் ஆகியவையும் அவ்வாறே. நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிகளுக்கு நேரடியாக நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுசெல்லக்கூடியது. அதை எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிக்கு எளிய வெண்ணெய் பிஸ்கட்டைச் செய்து தரலாம். மைதா 150 கிராம், உப்பில்லா வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், சிறிது ஏலக்காய்த் தூள். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவைச் சேர்த்துப் பிசைந்து, அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் வில்லைகளாக்கி, 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓவனில் வேகவிட வேண்டும். உப்பு, பேக்கிங் பவுடர், பருப்பு, உலர்பழம் எதுவும் இதில் சேர்வதில்லை. நாளுக்கு இரண்டு வில்லைகள் என்ற கணக்கில் சிறு சிறு பொதிகளாகக் கொடுங்கள். இரண்டு நோயும் உள்ளவர்கள் மிகப் பலர். அவர்களுக்கு எங்கள் உணவியல் நிபுணரைக் கேட்ட பின்பே செய்யுங்கள்.

நீர் அளவு வரையறுக்கப்பட்டவருக்கு ஒரு பாட்டில் நல்ல பரிசு. அவருக்கு மருத்துவர் சொன்ன ஒரு நாள் அளவை ஊற்றிப் பார்த்து, காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கோடுகளை வண்ணத்தில் வரைந்து தாருங்கள். அன்றைய காப்பியையும் கஞ்சியையும் குடிக்கும்போது அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிட்டால் கணக்கு தானாகவே நிற்கும். நூலால் பின்னிய கைக்காப்பு கொடுப்பவர்கள், டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ள கையில் அதை அணிவிக்கக் கூடாது. அந்தக் கையில் இறுக்கமான வளையல், கைக்கடிகாரம் எதுவும் ஆகாது.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு

கீமோதெரபி எடுத்துக்கொள்பவருக்கு மணமே பகையாகிவிடும். நெய்யின் வாசனையும் தாளிப்பின் வாசனையும் குமட்டலைத் தூண்டக்கூடும். ஆகவே உணவு கொடுப்பதானால் ஆறிய, மணம் குறைந்த, மென்மையான உணவாக இருக்கட்டும். மருந்து ஏற்றியதிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும் காலம் பொதுவாக வருகிறது. அந்நாட்களில் காய்ச்சாத பால், வேகாத முட்டை சேர்ந்த கிரீம், கழுவாத பழம் ஆகியவை கூடாது. பூங்கொத்தும் மண்தொட்டிச் செடியும் சில பிரிவுகளில் அனுமதிக்கப்படுவதில்லை. அவற்றுக்குப் பதிலாகக் காகிதப் பூக்கள் செய்து கொண்டுவரலாம்.

முடி உதிர்ந்தவருக்கு மிகவும் பயன்படும் பரிசு ஒரு பருத்தித் தொப்பி. பலமுறை துவைத்து மென்மையான பழைய வாயில் சேலை அல்லது வேட்டித் துணி இதற்குப் புதுத்துணியைவிடச் சிறந்தது. தையல் மடிப்பு தலையில் உறுத்தாதபடி வெளிப்பக்கம் வரட்டும். தாயின் சேலையில் தைத்த தொப்பி என்றால் அதை அணிபவர்க்கு அதன் பொருள் விளங்கும். கழுத்துக்குக் கீழே மருந்து ஏற்றும் குழாய் பொருத்தப்பட்டவருக்கு, முன்பக்கம் பொத்தான் வைத்துத் திறக்கும் தளர்வான மேற்சட்டை தைத்துத் தரலாம். கொடுக்கும் முன் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்திவிடுங்கள்.

இச்சிகிச்சையில் உள்ளவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டால், கொண்டாட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மூச்சுத்திணறல் உள்ளவருக்கு

வீட்டில் செய்த மணமெழுகுவர்த்தி அழகான பரிசுதான். ஆனால் ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவருக்கு அதன் புகையும் மணமும் மூச்சடைப்பை உண்டாக்கும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவரின் அறையில் எந்தச் சுடரும் கூடாது. குடிலின் முன் ஏற்றும் மெழுகுவர்த்தி ஆக்சிஜன் கருவியிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். வேறு அறையில் இருப்பது இன்னும் நல்லது. குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் எல்.இ.டி. விளக்கு போதும்.

இவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் பரிசு ஒரு சிறிய பனையோலை விசிறி. முகத்தின்மேல், குறிப்பாக மூக்கையும் மேலுதட்டையும் சுற்றிக் குளிர்ந்த காற்று படும்போது மூச்சுத்திணறும் உணர்வு தணிவதை மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்துக்கும் ஆக்சிஜனுக்கும் இது மாற்றாகாது. ஆனால் நள்ளிரவில் பதற்றம் எழும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் துணை இது. தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு பனையோலைக் கைவினைக்குப் பெயர்பெற்ற ஊர். பனை நிற்கும் ஊர்களில் ஓலை கிடைப்பது அரிதன்று. விளிம்பில் வண்ணத் துணி வைத்துத் தைத்து, எடை குறைவாக, ஒரு கையால் வீசக்கூடியதாகச் செய்யுங்கள்.

பக்கவாதம், மறதிநோய், படுக்கையில் இருத்தல்

பக்கவாதத்துக்குப்பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு உதிரும் தன்மையுள்ள கலகலா, முறுக்கு, மிக்சர் ஆகியவை மூச்சுக்குழாயில் புகுந்து நிமோனியாவை உண்டாக்கக்கூடும். அன்புடன் ஊட்டும் ஒரு துண்டே அதற்குப் போதும். எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டறியுங்கள்.

மறதிநோய் உள்ள பெரியவருக்கு ஒரு நிழற்பட ஏடு செய்து தரலாம். பக்கத்துக்கு ஒரே படம், அதன் கீழே பெரிய எழுத்தில் பெயரும் உறவும்: "ஸ்டெல்லா, உங்கள் மூத்த மகள்" என்பதுபோல. பழைய படங்களையே அதிகம் சேருங்கள். அண்மை நினைவு முதலில் மங்குவதால், இளமைக்கால முகங்களே அவருக்குத் தெளிவாகத் தெரியும். "இது யார், சொல்லுங்கள்" என்று சோதிக்காமல், "இது உங்கள் தங்கை" என்று நாமே சொல்லித் தொடங்குவது நன்று. அவர் கோயிலில் பாடிய கீர்த்தனைகளை வீட்டார் பாடிப் பதிவுசெய்து தருவதும் பயன் தரும். பெயர்களை மறந்தவர்கள் பாட்டின் அடிகளைத் தொடர்ந்து பாடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் துணியாலோ பஞ்சாலோ வட்டமாக, நடுவில் துளையிட்டுச் செய்யும் சும்மாடு போன்ற மெத்தையைச் சிலர் பரிவுடன் தைத்துத் தருகிறார்கள். அதைத் தவிருங்கள். அது சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் படுக்கைப்புண்ணை மிகுவிக்கும். அதே துணியில், கால்களுக்கு இடையிலும் முதுகுப் பக்கத்திலும் அணைத்து வைக்கும் நீண்ட மென்தலையணைகள் இரண்டு தைத்துத் தாருங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்போது அவை உதவும்.

யாருக்கும் கொடுக்கக் கூடாதவை

வீட்டில் ஊறவைத்த திராட்சை ஒயினையும், ரம்மில் ஊறிய பழங்கள் சேர்ந்த கேக்கையும் கல்லீரல் நோயாளிக்கும், குடியை விட்டவருக்கும் கொடுக்க வேண்டாம். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுடனும் சர்க்கரை மருந்துகளுடனும் மது சேர்வது ஆபத்து. கேக்குக்கான பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் போதும். மூலிகைச் சூரணங்களையும் கஷாயப் பொடிகளையும் நோயாளிக்குத் தாமாகச் செய்து கொடுப்பதும் நல்லதன்று. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் உட்கொள்ளும் மருந்துகளின் அளவை அவை குலைத்துவிடலாம். கிரேப் ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் அவர்களுக்கு ஆகாதவை.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் தரக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, பொத்தான் வடிவ மின்கலம் வைத்த ஒளிரும் அட்டைகளையும் நட்சத்திரங்களையும் கொடுக்காதீர்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

கவனிப்பவருக்கு ஒரு சீட்டு

பரிசுகள் பெரும்பாலும் நோயாளியின் பெயருக்கே வருகின்றன. அவருடன் ஆறு மாதமாக நாற்காலியில் உறங்கும் மனைவிக்கோ மகளுக்கோ எவரும் எதுவும் கொண்டுவருவதில்லை. அவருக்குப் பொருள் தேவையில்லை, நேரம் தேவை. ஒரு வெள்ளைத்தாளை ஆறு சீட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நிறைவேற்றக்கூடிய ஒரு வாக்கை எழுதுங்கள். "அண்ணி, முதல் சனிக்கிழமை மாலை 3 மணி முதல் 7 மணி வரை அண்ணனுடன் நான் இருக்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போய் உறங்குங்கள்." "அடுத்த பரிசோதனைக்கு நான் வண்டியில் அழைத்துப் போகிறேன்." "ஜனவரி மாத மருந்துகளை நான் வாங்கி வருகிறேன்." நாளும் மணியும் குறிப்பிட்டிருக்க வேண்டும். "ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்" என்று சொல்லிப்போனவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. பண்டிகை முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின், ஜனவரியில்தான் கவனிப்பவர் தனித்துவிடுகிறார்; சீட்டுகளில் பாதி அந்த மாதத்துக்கு இருக்கட்டும்.

இதனுடன் ஒரு மருந்து அட்டவணையையும் எழுதிக் கொடுக்கலாம். பெரிய அட்டையில் காலை, மதியம், இரவு என்று மூன்று பத்திகள். உணவுக்கு முன்பா பின்பா என்ற குறிப்பு. மருத்துவச் சீட்டைப் பார்த்து ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்துவிடாமல், உறையுடனேயே வைக்கும்படி மூன்று பைகள் உள்ள துணித்தொங்கலைத் தைத்துச் சுவரில் மாட்டலாம்.

நோயாளியும் கொடுப்பவரே

நீண்ட நோயில் உடல் வலிக்கு அடுத்தபடியாக எங்களிடம் சொல்லப்படும் வருத்தம், "நான் எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்" என்பதுதான். வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு அந்த எண்ணம் வளர்கிறது. கொடுக்க ஒன்று இருக்கும்போது அது சற்றுத் தணிகிறது. எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் முதிய தையல்காரர் ஒருவர், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வெட்டித்துணிகளைக் கொண்டு சிறு பைகள் தைத்து, தம்முடன் நாற்காலியில் அமர்வோருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார். கோப்பும் மருந்துச் சீட்டும் வைக்க அளந்து தைத்த பைகள் அவை. அப்பைகள் இன்றும் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் வந்து போகின்றன.

படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடியவை பல. காகித நட்சத்திரம் மடிப்பது, வாழ்த்து அட்டை வரைவது, பேரக்குழந்தைக்குக் கதை சொல்லிக் கைப்பேசியில் பதிவது ஆகியவற்றுக்கு வலிமை அதிகம் தேவையில்லை. விரல் நுனி மரத்துப்போனவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் ஊசி, கத்தரிக்கோல் வேலையைப் பிறரிடம் விட்டுவிடலாம். பக்கவாதத்தால் கை தளர்ந்தவர் இயன்முறை மருத்துவரைக் கேட்டு, பிஸ்கட் மாவைப் பிசைந்து தரலாம். அதுவே அன்றைய பயிற்சியாகவும் அமையும்.

கையால் வரைந்த சிறு காகிதம் என்ன செய்யும் என்று ஐயப்படுவோருக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1904-இல், டென்மார்க் நாட்டின் அஞ்சல் ஊழியர் எய்னார் ஹோல்பெல், கிறிஸ்துமஸ் கடிதங்களில் ஒட்டுவதற்கென்று ஒரு சிறு முத்திரைத்தாளை விற்று, அப்பணத்தைக் காசநோயுற்ற குழந்தைகளுக்குச் செலவிடும் யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1907-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், மூடப்படும் நிலையிலிருந்த ஒரு சிறிய காசநோய் இல்லத்தைக் காக்க 300 டாலர் தேவைப்பட்டது. எமிலி பிஸ்ஸெல் என்ற பெண்மணி தாமே முத்திரையை வரைந்து, ஒன்றை ஒரு சென்ட் விலைக்கு விற்றார். தேவையைப்போல் பத்து மடங்கு தொகை சேர்ந்தது. அந்த வழக்கம் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

தமக்கு இது கடைசிக் கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்பதை அறிந்த நோயாளிகளும் இவ்விதழைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்ல எங்களிடம் ஒன்று உண்டு. நீங்கள் செய்யும் மீன்குழம்பின் பக்குவம் உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால், அது உங்கள் மகளுக்கு எந்த நகையையும்விடப் பெரிது. எழுத முடியாவிட்டால் சொல்லுங்கள், அருகிலிருப்பவர் எழுதுவார். குரல்வளை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பதிவுசெய்து வைக்கலாம். வீட்டார்க்கும் ஒரு வேண்டுகோள்: "இப்போது எதற்கு இதெல்லாம்" என்று அவர்களைத் தடுக்காதீர்கள். அருகே அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கொண்டுவரும்போது

பரிசு எதுவானாலும் நோயாளர் அறைக்குள் கொண்டுவருமுன் செவிலியரிடம் காட்டிவிடுங்கள். கைகளைச் சோப்பிட்டு 20 நொடிகள் கழுவுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் பரிசை மட்டும் அனுப்பிவிட்டுக் கைப்பேசியில் வாழ்த்துச் சொல்லுங்கள். பலகாரம் கொண்டுவரும் உறவினரிடம் நோயாளியின் விலக்குகளை முன்னதாகவே சொல்லிவைக்கக் கவனிப்பவர்களும் தயங்க வேண்டாம். அறியாமல் வருத்திவிடுவதைக் காட்டிலும் அறிந்து செய்வதையே அவர்கள் விரும்புவார்கள். எந்தப் பொருளைப் பற்றி ஐயம் எழுந்தாலும் அடுத்த முறை வரும்போது எங்களைக் கேளுங்கள். இது சிறிய கேள்வி என்று நாங்கள் நினைப்பதில்லை.

நோயாளிகள், அவர்தம் குடும்பத்தார், பண்டிகை இரவிலும் பணியிலிருக்கும் செவிலியர், ஊழியர் அனைவருக்கும் எங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.